பிரித்து வைத்த பிஸ்டல்

ரத்தினசாமியின் பிஸ்டல் பிரிந்து கிடக்கும்போது அதைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு நெருப்புப் பற்றாது. ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் தெருவில் இது முதலில் தெரியவந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் ஆயுதங்களைப் பழுதுபார்த்துவிட்டு வந்தவர் ரத்தினசாமி. அங்கிருந்து லைசென்சோடு கொண்டுவந்த பழைய ராணுவப் பிஸ்டலை வாரம் ஒருமுறை துடைப்பார். மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பார்ப்பார். பிறகு ஸ்லைடை உருவி, ஸ்பிரிங்கை எடுத்து, பேரலைத் தனியாக்கி, கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்குவார். அன்று அவர் பேரலுக்குள் துணி விட்டு இழுத்த இருபது நிமிடமும் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளின் கேஸ் அடுப்பு பற்றவில்லை. அம்மன் கோயில் பூசாரி ஒரு பெட்டித் தீக்குச்சியையும் உரசித் தீர்த்தார். எல்லாவற்றையும் மாட்டி ஸ்லைடை இழுத்துவிட்டதும் அடுப்பும் கற்பூரமும் ஒன்றாகப் பற்றின. மூன்றாவது வாரம் டீக்கடைப் பாண்டி வந்து, துடைக்கிற வேலையைக் காலை வியாபாரம் முடிந்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டான்.

ரத்தினசாமியின் மனைவி செல்வலட்சுமி வேறு விதமாக யோசித்தார். அவர் பட்டாசுக் கம்பெனியில் வெடிக் குழாய்களில் மருந்து செலுத்துகிறவர். கம்பெனி ஒன்றரை கிலோமீட்டர். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிப் போகும். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, பிஸ்டல் பிரிந்து கிடக்கும்போது பொட்டுவெடிச் சுருளைப் படியில் வைத்துக் கல்லால் தட்டிப் பார்த்தார். மண்ணைத் தட்டியது போல இருந்தது.

"நான் வேன் ஏறுனதும் பிரிங்க, எறங்குனதும் மாட்டுங்க. அம்புட்டுத்தான்" என்றார்.

நாலு வருடம் அப்படியே நடந்தது. காலை ஏழு மணிக்குள் தெருவே சமைத்து முடித்தது. பாண்டி பிளாஸ்கில் டீ விற்றான். அப்படியானால் வேன் இன்ஜின் மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்டவர்களிடம், அது கம்பெனி வேன், யார் பேச்சையும் கேட்காது என்றான். கம்பெனியில் ஒருநாள் செலுத்துகிற அறையில் பொறி பறந்து மருந்துக் குவியலின் மேலேயே விழுந்தது. விழுந்து, சாம்பல் துளி போல அணைந்தது. நானும் அங்கேதான் வேலை பார்த்தேன்; நாலு பேர் பார்த்தோம். சாம்பிள் வெடிகள் பகலில் வெடிக்காததால் போர்மேன் அவற்றை மாலை ஆறு மணிக்கு வெடித்துப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்.

பிறகு தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. ரத்தினசாமி பாகங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனார்.

"உதிரியா எழுத இங்கன கட்டமே இல்லய்யா. பிஸ்டல் ஒண்ணுன்னுதான் ரசீது. முழுசா மாட்டிக் குடுங்க" என்றார் எழுத்தர்.

நாற்பது நொடியில் மாட்டுகிற கைக்கு அன்று பத்து நிமிடம் ஆனது. ஸ்லைடு போய்ப் பொருந்திய சத்தத்தோடு, அதுவரை மக்கர் பண்ணிக்கொண்டிருந்த ஸ்டேஷன் டீ அடுப்பு எரியத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து, ரிசல்ட் வரும்வரை வேலைக்குப் போக வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னார். ஆர்டர் நெருக்குகிறது, இடத்தை விட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றார் செல்வலட்சுமி.

"எலெக்சன் முடியுற மட்டும் நெருப்பும் ஓட்டுக் கேக்கப் போயிருக்கும். பேசாமச் சாப்பிடுங்க."

மறுநாள் வேன் கிளம்பியதும் ரத்தினசாமி வெறும் துணியை விரித்து, இல்லாத பிஸ்டலை வெறுங்கையால் பிரித்தார். மேகசின், ஸ்லைடு, ஸ்பிரிங், பேரல் என்று காற்றை வரிசையாக அடுக்கி, மாலை வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். கருப்பம்மாளின் அடுப்பு பற்றவில்லை. பதின்மூன்று நாள் இது போதுமானதாக இருந்தது. பதினான்காம் நாள் பூத் சிலிப் கொடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டார். மணி பத்து இருபது. சிலிப் கையில் இருக்கும்போதே கம்பெனிப் பக்கம் கேட்ட வெடியில் ஜன்னல் கண்ணாடி விழுந்தது.

ஒன்பது பேர். எங்கள் தெருவில் மட்டும் நாலு. செல்வலட்சுமி, கருப்பம்மாளின் மகன் மாரீஸ்வரன், ஊர்க்காவலன் அண்ணன், பிரீத்திகா. தண்ணீர் குடிக்க வேப்பமரத்தடிக்குப் போயிருந்தவர்கள் மட்டும் வேனில் திரும்பி வந்தோம். வழியெல்லாம் வேனில் இடம் இருந்தது.

ரிசல்ட் வந்த பிறகு ரசீதைக் காட்டிப் பிஸ்டலை வாங்கி வந்தார். ஸ்டேஷனில் பூட்டிய பீரோவில் இருந்த அது ஒரு தடவையும் சுடப்படவில்லை. ஆனால் பேரலுக்குள் விட்டு இழுத்த துணி கரியாகவும் அலுமினியத் தூளாகவும் வந்தது. ஒன்பதாவது துணியில்தான் கரி நின்றது. அதில் செல்வலட்சுமியின் தேங்காயெண்ணெய் வாசனை இருந்தது. ரத்தினசாமி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேரலைக் கருப்பம்மாளிடம் கொடுத்தார். ஸ்லைடு ஊர்க்காவலன் வீட்டுக்கும் மேகசின் பிரீத்திகாவின் அம்மாவிடமும் போயின. ஸ்பிரிங்கும் மிச்சமும் அவரிடம்.

அடுத்த தேர்தலுக்கு எழுத்தரே தேடி வந்தார். நாலு வீட்டிலும் ஏறி இறங்கிப் பார்த்தார். கருப்பம்மாள் பேரலை மகன் படத்துக்கு முன்னாலிருந்து எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். எழுத்தர் நோட்டில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'உதிரி' என்று எழுதிக்கொண்டு போனார்.

எங்கள் தெருவில் இப்போது கரண்டு அடுப்பு. கோயிலில் பூசாரி கற்பூரத்தைத் தட்டில் அப்படியே கொண்டுவருகிறார். ஏற்றாத கற்பூரத்தின் மேல் உள்ளங்கையைக் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்.