மிளகாய்க்கு ஒரு புள்ளி

ஊசி குத்தாமலிருக்க அக்கா நடுவிரலில் மாட்டியிருந்த தகரத் தொப்பி கழல மாட்டேன் என்றது. விரல் வீங்கியிருந்தது. தம்பி சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தடவி, அவளுக்கு வலித்துவிடக் கூடாதே என்று மெல்லத் திருகிக்கொண்டிருந்தார்.

“அழுத்தியே இழுங்க சார், இனிமே வலிக்காது,” என்றாள் கீழ்வீட்டு நர்ஸ். “பத்து மணிக்கு வண்டி வந்துடும்.”

“வேணாம்மா. விரல்லயே இருந்துட்டுப் போகட்டும்.”

அவருக்கு அறுபத்தாறு வயது, அக்காவுக்கு ஆறு கூட. அவர் அச்சகத்தில் நாற்பது வருடம் புரூஃப் பார்த்து ஓய்ந்தவர். அவள் யூனிபார்ம் கடையில் சட்டைப்பைகளில் பள்ளிக்கூடப் பெயர் தைத்தவள். இரண்டு பேருக்கும் எழுத்துதான் சோறு போட்டது. கல்யாணம் இருவருக்குமே கூடிவரவில்லை. மூன்றாம் மாடி வீட்டில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா கட்டிலைப் பால்கனிக் கதவோரம் போடச் சொன்னாள். பழைய தலையணை உறையைத் துண்டு துண்டாக வெட்டினாள்.

“இப்ப எதுக்குக்கா தையல்?”

“தொட்டிக்கெல்லாம் பேர் தைக்கணும். நான் போனதும் கீரையக் களைன்னு பிடுங்கி எறிஞ்சிடுவ. உனக்கு எழுத்துன்னா கண்ணு தெரியும், எலைன்னா தெரியாது.”

ஏற்கெனவே இரண்டு தரம் பிடுங்கியிருக்கிறார்.

அந்த வாரம் அப்படித்தான் போயிற்று. காலையில் அவர் தண்ணீர் ஊற்ற, அவள் படுத்தபடியே அதிகாரம் செய்தாள். “தலையில ஊத்தாத, ஓரமா ஊத்து. அது என்ன குளிக்கவா போகுது?” கடைசித் தொட்டியில் வெறும் மண்தான். முதல் நாளே தம்பியிடம் ஏதோ விதையைக் கொடுத்து அதில் ஊன்றச் சொன்னாள். என்ன விதை என்று சொல்லவில்லை. தினமும் அவர் குனிந்து பார்த்துவிட்டு, “இது செத்த விதைக்கா,” என்பார். “பறக்காதடா,” என்பாள்.

வெயில் ஏறியபின் தையல். சங்கிலித் தையலில் எழுத்தெல்லாம் வந்துவிட்டது, புள்ளிதான் வரவில்லை. நூலை ஊசியில் இரண்டு சுற்று சுற்றி, அதைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே குத்தி இழுத்தால் முடிச்சு விழும். அவள் விரல் அதற்கு மடங்கவில்லை.

“நாப்பது வருஷம் ஊரான் புள்ளியத் தேடினியே, இத நீ வைடா பெரிய புள்ளி.”

கத்தரிக்கு அவர் வைத்த முதல் புள்ளி பூசணி விதை அளவுக்கு வந்தது. அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். தக்காளிக்கு வருவதற்குள் கை கொஞ்சம் படிந்தது. புதினாவுக்குப் புள்ளியே இல்லை. “இது முழுக்க என்னோடது,” என்று பீற்றிக்கொண்டாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் பின்பக்கம் திருப்பி, நூல் வாலைத் தையலுக்கு அடியில் செருகி நறுக்குவாள். வால் தொங்கினால் வேலை முடியவில்லை என்று அர்த்தமாம்.

நேற்று மிச்சம் இருந்தது மிளகாய் ஒன்றுதான். அதிலும் கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி மட்டும். அப்போதுதான் தம்பிக்கு அந்தக் கிறுக்கு எண்ணம் வந்தது. மிளகாய் முடிந்தால் அக்காவின் வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால்? சிவப்பு நூல்கண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நூல் தீந்துபோச்சுக்கா. வாங்கிட்டு வரேன்.”

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டைப்பையையும் பார்த்தாள்.

“மெதுவாப் போயிட்டு வா. அவசரமில்ல.”

மூன்று தெரு சுற்றிவிட்டு, எந்தக் கடையிலும் ஏறாமல், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார். அக்கா பால்கனியைப் பார்த்துச் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகுதான் தெரிந்தது.

இப்போது நர்ஸ் தலையணையை நகர்த்தியபோது ஒரு துணித்துண்டு விழுந்தது.

“இதுவும் தொட்டிக்கா சார்?”

அவருடைய சட்டைப் பொத்தான் தைக்கிற கறுப்பு நூல். கோணல்மாணலாக இரண்டே எழுத்து: பொறு.

“பாவம், முடிக்காமப் போயிட்டாங்க. பொறுமைன்னு தைக்க வந்தாங்களோ?”

பொறுமையா? பொறுப்பா? பொறுப்பு என்றால் ஒரு புள்ளி வேண்டும். அவர் கை தானாக ஊசியைத் தேடிற்று. துண்டைத் திருப்பினார். பின்னால் வால் செருகி, ஒட்ட நறுக்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்து, புரூஃப் பார்க்கிற மாதிரி எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பிழை இல்லை. புள்ளி வைக்க இடமும் இல்லை.

“முடிச்சிட்டாம்மா,” என்றார்.

கீழே வண்டி வந்து நின்றது. “ஒரு நிமிஷம்,” என்று அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, மிளகாய்த் துண்டை மடியில் வைத்து, சட்டைப்பையிலிருந்து சிவப்பு நூல்கண்டை எடுத்தார். இரண்டு சுற்று. கட்டைவிரலால் பிடித்து, குத்தி, இழுத்தார். இதுவரை வைத்ததிலேயே நல்ல புள்ளி. வாலைச் செருகி நறுக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் அதை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“சரியா இருக்காக்கா?”

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படியில் ஆட்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. அவர் பால்கனிக்குப் போய் மிளகாய்த் தொட்டியில் மிளகாய்த் துண்டைக் குச்சியோடு நட்டார். ‘பொறு’வை இன்னொரு குச்சியில் குத்தி, வெறும் மண் தொட்டியில் செருகினார். செம்பை எடுத்து ஓரமாகத் தண்ணீர் ஊற்றினார்.