அந்தப் பேட்ச் ரீடிங்

சின்னப்பொண்ணு அக்கா செத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம், தெருவிளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த கொடிக்கம்பியில் ஈரத்துணி போடக் கை வைத்தாள், கரண்ட் அடித்தது, அவ்வளவுதான். வீட்டுச் சுவரிலிருந்து கம்பத்துக்கு அந்தக் கம்பியை இழுத்துக் கட்டியவர் அவள் புருஷன் நாகப்பன். பென்னலூரில் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருக்கிறேன். சங்கரன்கோவில்காரி. ஒரகடத்தில் ஃபியூஸ் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை.

விசாரிக்க வந்த மின்வாரியக்காரர்கள் கம்பத்தைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஃபியூஸ் போகாமல் முழுசாக இருந்தது. கம்பத்தில் கரண்ட் கசிந்திருந்தால் ஃபியூஸ் உருகியிருக்கும், உருகவில்லை, ஆகவே கொடிக்கம்பி வீட்டு ஒயரை உரசித்தான் கரண்ட் வந்தது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய ஃபியூஸைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதை மாட்டினார்கள். அக்காவின் கூடப்பிறந்தவர்கள் கருமாதிக்கு வந்து, நாகப்பன் முகத்தைப் பார்க்காமலே போனார்கள்.

அவரிடம் அந்த ஃபியூஸின் போட்டோ இருந்தது.

"இது உங்க கம்பெனி சரக்குதானே, நாச்சியாரு? நம்பர் கீது பாரு. ஒழுங்கா உருகற ஃபியூஸா, இல்லியா, அத்த மட்டும் பார்த்துச் சொல்லும்மா. நான் கட்டின கம்பியாலதான் செத்தாளான்னு தெரியணும். தூக்கமே வரல."

"பாத்துச் சொல்லுதேன்ணே."

எழுதிக்கொண்டு போனவர்கள் மேல் எனக்கு அத்தனை ஆத்திரம். இணையத்தில் தேடினால், எத்தனை ஆம்பியருக்கு எத்தனை விநாடியில் உருகும் என்ற பொதுக்கணக்குத்தான் கிடைத்தது. போட்டோவில் இருந்த நம்பர் கொண்ட அந்தப் பேட்ச் எப்படி உருகியது என்பது பரிசோதனை ரெஜிஸ்டரில்தான் இருக்கும். ஆடிட்டுக்குப் பழைய ஃபைல்களை அடுக்கித் தருகிறேன் என்று சூப்பர்வைசர் கோதண்டராமனிடம் சாவி வாங்கி, மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் தேடினேன். மூன்றாம் நாள் பக்கம் கிடைத்தது.

எட்டு ரீடிங். எட்டும் அழகு. கீழே என் கையெழுத்து.

தேதியைப் பார்த்தேன். டெஸ்ட் மெஷின் பழுதாகிக் கிடந்த வாரம் அது. சரக்கேற்ற வாசலில் லாரி நின்றது. "போன பேட்ச் ரீடிங்கையே கடைசி நம்பர் மட்டும் மாத்திப் போடு. எல்லாரும் பண்றதுதானே" என்றார் கோதண்டராமன். போட்டேன். ஒரு ஃபியூஸைக்கூட உருக்கிப் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று மூன்றாவதைக் கொஞ்சம் கூட்டிப் போட்ட கெட்டிக்காரியும் நான்தான். அந்தப் பேட்சில் கம்பெனியில் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் எந்தெந்த ஊர்க் கம்பங்களிலோ இருக்கிறது.

கம்பெனி பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். நாகப்பன் வாசலிலேயே நின்றார். பக்கத்தைப் போட்டோ எடுத்திருந்தேன், போனை நீட்டினேன்.

"நம்பரெல்லாம் எனக்குப் புரியாது. நல்லா உருகிச்சின்னு போட்டுக்கீதா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"எழுதினது யாரு?"

"நான்தாண்ணே."

"நீயா?" அவர் முகம் செத்துப்போனது. "வேற எவனாச்சும் எழுதியிருந்தா நம்பமாட்டேன். நீ பொய் எழுத மாட்டே." அப்படியே படியில் உட்கார்ந்தார். "அப்ப நான்தாம்மா அவளைக் கொன்னுட்டேன்."

வேலை போய்விடும், போலீஸ் வரும் என்று எனக்குப் பயம். அவரைத் தாண்டி மாடிக்கு ஏறிப் போனேன்.