தப்பான கடலுக்கு ஒரு மனு

திருவனந்தபுரத்து மியூசியம் தோட்டத்தில் எல்லாரும் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துகிருஷ்ணன் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே இருந்த வானம் எப்படிப் போனால் அவருக்கென்ன? வடகிழக்கே, மலைக்கு அந்தப் பக்கம், கோவில்பட்டி கிடக்கிற திசையைக் கழுத்து நோக எட்டி எட்டிப் பார்த்தார். நடுவில் ஒரு பெரிய மரம் மறைத்தது. பசுமை மன்றத் தலைவருக்கு ஒரு மரத்தின் மேல் அவ்வளவு எரிச்சல் வந்தது அதுதான் முதல் தடவை.

இத்தனைக்கும் இந்தப் பயணமே அவர் ஏற்பாடு. கரிசல் பசுமை மன்றத்துக்கு அவர்தான் நிறுவனர், தலைவர், மாலை வாங்கிக்கொள்கிறவர். தொண்ணூற்றேழு புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேனுக்கு முன்னால் 'கடலோரப் பூங்காக்கள் – கல்விப் பயணம்' என்று துணியில் எழுதிக் கட்டி, உறுப்பினர்களைக் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு விடிகாலையில் கிளம்பியிருந்தார். 'மரம் வளர்ப்போம், மழையை அழைப்போம்' என்கிற முழக்கமும் அவர் எழுதியதே. எந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டாலும் மழையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். மழை வருமோ வராதோ, பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும்.

பேச்சு அப்படி. பிழைப்பு வேறு. அவருக்குத் தீப்பெட்டி ஆபீஸ். கரிசல் பூமியில் அந்தத் தொழில் வேர் பிடித்ததே அங்கே மழை எட்டிப் பார்க்காது என்கிற நம்பிக்கையில்தான். மழை பெய்தால் குச்சி காயாது, மருந்து உலராது, ஆட்கள் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மழை இல்லாததால் சம்பாதித்துக்கொண்டே மழைக்காக முழங்குவதில் அவருக்கு இதுவரை சங்கடம் ஏதும் வந்ததில்லை. கூப்பிட்டதும் வந்து நிற்கிற ஆளா மழை என்கிற தைரியம்.

நேற்றுச் சாயங்காலம் ஒரு லோடு பச்சைக் குச்சி வந்து இறங்கியது. களம் பூராவும் பரப்பியாயிற்று. நாகபுரி வியாபாரிக்கு இந்த வாரம் சரக்கு ஏற்றியாக வேண்டும். போன தடவையே தாமதம்; இந்தத் தடவையும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் போனில் இந்தியில் சொன்னது, இந்தி தெரியாமலே முத்துகிருஷ்ணனுக்கு நன்றாகப் புரிந்தது. குச்சி நனைந்தால் கறுத்துப் பூசணம் பிடித்துவிடும், அடுப்புக்குத்தான் ஆகும். காலையில் வேன் கயத்தாறு தாண்டும்போது மேற்கே கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருமேகத்தைப் பார்த்தார். அப்போது பிடித்தது இந்த இருப்புக்கொள்ளாமை.

தோட்டத்து வாசலுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் இருந்தது. நைசாக நழுவிப்போய் ஆபீசுக்குப் போட்டார். எடுத்தது மைத்துனன் சீனி.

"ஏலே, வானம் எப்படி இருக்கு?"

"மேக்கால மூட்டம் போட்டிருக்கு அத்தான். காத்து நின்னுபோச்சி. தார்ப்பாயை எங்க வச்சிய? குடோன் பூராம் தேடுதேன், காங்கல."

முத்துகிருஷ்ணன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம், புல்வெளியில், மன்றச் செயலாளர் சுடலைராஜ் நான்கு பேரை வைத்து ஒரு பெரிய நீலத் தார்ப்பாயைச் சுருக்கமில்லாமல் விரித்துக்கொண்டிருந்தார். 'விரிப்புக்கு எதுக்கு வாடகை? நம்ம ஆபீஸ் தார்ப்பாய் என்னத்துக்கு இருக்கு?' என்று போன வாரக் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக் கைதட்டல் வாங்கியது அவர்தான். உறுப்பினர்கள் வட்டமாக அதன் மேல் உட்கார்ந்து இலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

"அத்தான்? லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன். தார்ப்பாய் இங்கன இருக்கு."

"அங்கன என்ன செய்யுது?"

"புளியோதரை தின்னுது! ஏலே, ரெண்டு ஆளைக் கூப்பிட்டுக் குச்சியை அள்ளிக் குடோனுக்குள்ள போடு."

"குடோன்ல எடம் எங்க இருக்கு? ஒங்க மன்றத்து மரக்கன்னுல்லா அடைச்சி நிக்கி. மழை பெஞ்சப்புறம் ஊருக்குக் குடுக்கணும், ஒண்ணையும் தொடாதன்னு நீங்கதான சொன்னிய?"

"மரக்கன்னைத் தூக்கிக் களத்துல வையி, குச்சியைத் தூக்கி உள்ள வையி."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஒரு ஆளு கெடையாது. நான் ஒத்தையில என்னத்தை அள்ள?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பின்னால் இடைசெவல் தங்கச்சாமி நின்றுகொண்டிருந்தார். மானாவாரிக் காடு வைத்திருக்கிறவர்; மன்றத்தில் உறுப்பினர். மரத்தைக் குச்சியாக்கி விற்கிறவர் மரம் வளர்க்கச் சொல்வது நியாயம்தானே, நாளைக்கும் விற்க வேண்டாமா என்று ஒரு கூட்டத்தில் அவர் கேட்டபோது, அதைப் பாராட்டு என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

"என்ன அண்ணாச்சி, ஊர்ல மேகம் போட்டிருக்காமே? நல்ல சேதில்லா!"

"ஆமாமா. ரொம்ப... ரொம்ப நல்ல சேதி."

"பெறகு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

பதிலுக்கு நிற்காமல் தங்கச்சாமி பூத்துக்குள் நுழைந்து, இடைசெவலில் ஒரு கடைக்குப் போட்டு, மனைவி பாண்டியம்மாளைக் கூப்பிடச் சொன்னார். பருவ மழைக்கு முன்னாலேயே உளுந்தை விதைத்துப் போட்டிருந்தார். விதை மண்ணுக்குள் கிடந்து எறும்புக்குத் தீனியாகிக்கொண்டிருந்தது. "ஏட்டி, மேகம் நம்ம பக்கமா வருதா, வேற எங்கயும் போகுதா? நல்லாப் பாரு. வெளிய வந்து பாத்துட்டுச் சொல்லு." கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற முத்துகிருஷ்ணன், தானும் இதே கேள்வியைத்தான் கேட்டோம் என்பதை நினைத்துக் காதைத் திருப்பிக்கொண்டார். முடியவில்லை. பாண்டியம்மாள் என்ன பதில் சொன்னாள் என்று தெரிந்துகொள்ள மனசு அடித்துக்கொண்டது.

சங்குமுகம் கடற்கரைப் பூங்காவில் கடற்கன்னி சிலை ஒன்று மல்லாந்து கிடந்தது. மேலே ஒரு முழத் துணி இல்லை. உறுப்பினர்களின் மனைவிமார் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தார்கள். உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் குரோட்டன்ஸ் செடிகளை ஆராய்ந்தார்கள். இவ்வளவு ஆழமான தாவர ஆராய்ச்சி மன்றத்தின் வரலாற்றில் நடந்ததே இல்லை. முத்துகிருஷ்ணன் சிலையையும் பார்க்கவில்லை, செடியையும் பார்க்கவில்லை.

"சுடலைராஜ், இத்தோட முடிச்சிக்கிட்டுக் கிளம்புவமா? வானம் சரியில்ல."

செயலாளர் கையிலிருந்த அச்சடித்த நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். "வேளிப் பூங்கா பாக்கி இருக்கே அண்ணாச்சி. தலைவர் உரையே அங்கனதான போட்டிருக்கு. அதுவும் போக, மழை வந்தா நமக்கு நல்லதுதான? அதுக்குத்தான மன்றமே வச்சிருக்கோம்?"

இதற்கு என்ன சொல்வது? மழை வந்தால் நான் கெட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த வாயில்தான் பத்து வருஷத்து முழக்கம் நிறைந்து கிடந்தது, நுழைய இடமில்லை.

வேனில் ஏறும்போது மனைவி செண்பகவல்லி காதோடு சொன்னாள். "சட்டையைப் போட்டு இப்படிக் கசக்காதிய. பேசாம உண்மையைச் சொல்லிட்டு ஊருக்குப் போவோம்."

"சொன்னா தலைவர் பதவி?"

"அதை வச்சிக் குச்சியை மூட முடியுமா?"



வேளியில் காயலுக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டு. இந்தப் பக்கம் புல்வெளி, பூச்செடி, தென்னை. ஊருக்கு இந்தப் பச்சையை ஒரு கூடை அள்ளிக்கொண்டு போக முடிந்தால் போதும் என்று உறுப்பினர்கள் பெருமூச்சு விட்டார்கள். மறுபடி தார்ப்பாய் விரிக்கப்பட்டது. தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமுவதற்குள் தங்கச்சாமி கையைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, பேச்சு எப்பவும் கேக்கதுதான். இன்னைக்கு ஊருக்கு மேல மேகம் வந்து நிக்கி. எறங்கலாமா வேண்டாமான்னு ரோசனை பண்ணுது. தலைவரு வாயால ரெண்டு வார்த்தை வேண்டிக்கிட்டா எறங்கிரும்லா?"

"அருமை! அருமை!" என்றார் சுடலைராஜ். எல்லாரும் எழுந்து, செருப்பைக் கழற்றி, கடலைப் பார்த்துக் கை கூப்பினார்கள். தங்கச்சாமியின் முகத்தில் குறும்பு இருக்கிறதா என்று முத்துகிருஷ்ணன் தேடினார். குறும்பு இருந்தது; அதற்குக் கீழே, கெஞ்சலும் இருந்தது.

கை கூப்பியபடி அவர் தவித்தார். 'வியாழக்கிழமைக்கு மேல் பெய்யட்டும்' என்று தேதி போட்டு வேண்டலாமா? யாராவது கேள்வி கேட்பார்கள். அப்போதுதான் அந்த எண்ணம் பளிச்சென்று வந்தது. இது மேற்குக் கடல். கோவில்பட்டிக்குப் பெய்கிற மழையெல்லாம் கிழக்குக் கடல் கொடுப்பது. இந்தக் கடல் கொடுப்பதை மலை நடுவழியிலேயே பிடுங்கி வைத்துக்கொள்ளும். மனுவைத் தப்பான ஆபீசில் கொடுக்கிறோம். என்ன எழுதிக் கொடுத்தால்தான் என்ன, நடக்கப்போவதில்லை!

காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது. குரல் தானாக உயர்ந்தது.

"கடல் தாயே! காய்ந்து கிடக்கும் எங்கள் கரிசல் மண் குளிர, கண்மாய் நிரம்ப, களமெல்லாம் வெள்ளம் ஓட, கொட்டு! நிறுத்தாமல் கொட்டு!"

களம் என்று வந்தது கொஞ்சம் அதிகப்படி. வேகத்தில் வந்துவிட்டது. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வழியில் போன மலையாளத்துக் குடும்பம் ஒன்றும் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போயிற்று. இதுவரை பேசிய பேச்சுகளிலேயே இதுதான் தன் ஆகச் சிறந்த பேச்சு என்று முத்துகிருஷ்ணனுக்கே தோன்றியது.

திரும்புகாலில் நாகர்கோவிலில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டீக்கடைக்குப் பக்கத்திலேயே பூத். செயலாளர் தன் வீட்டுக்குப் பேசிவிட்டு வெளியே வர, அடுத்ததாக முத்துகிருஷ்ணன் உள்ளே போய் ஆபீசுக்குப் போட்டார்.

"அத்தான்..." என்றான் சீனி. அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனுக்குள்ளேயே தகரக் கூரையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"எப்ப ஆரம்பிச்சிது?"

"மூணு மணி இருக்கும். சரஞ்சரமா ஊத்துது. சாக்கைப் போட்டேன், சாக்கும் போச்சி. குச்சி மெதந்து வாசலுக்கு வருது அத்தான்."

மூன்று மணிக்கு அவர் கடல் தாயோடு பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்து தங்கச்சாமி போனார். கண்ணாடிக்கு வெளியே நின்று முத்துகிருஷ்ணன் அவர் உதட்டையே பார்த்தார். ஏனோ, அங்கேயாவது பெய்திருக்க வேண்டும் என்று இருந்தது. தங்கச்சாமி வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மழை நாலாட்டின்புத்தூரு விலக்கோட நின்னுபோச்சாம். எங்க ஊருக்குப் புழுக்கந்தான் வந்திருக்கு."



"ஒமக்குக் குச்சி போச்சோ?" என்றார் தங்கச்சாமி மெதுவாக.

"ஒமக்கு எப்படித் தெரியும்?"

"காலையிலயே அந்தப் பூத்துல கேட்டேம்லா. வேளியில ஒம்ம வாயைக் கொஞ்சம் கிண்டிப் பாப்பம்னுதான் கையைத் தூக்குனேன். கையைக் கூப்புன பெறகு, நெசமாவே கேட்டுட்டேன்."

அதற்குள் டீக்கடைப் பக்கமிருந்து கூச்சல் வந்தது. சுடலைராஜ் கிளாசை வைத்துவிட்டு ஓடி வந்தார். பின்னாலேயே மொத்த வேனும். "தலைவரே, கோவில்பட்டியில வெளுத்து வாங்குதாம்! நீங்க வேண்டுன அதே நேரம்! தெப்பக்குளத்து ரோட்டுல முழங்கால் தண்ணியாம்!" சுடலைராஜ் தன் மனைவிக்கென்று திருவனந்தபுரத்தில் வாங்கிய, மலையாளத்துப் பெண்கள் தோளில் போடுகிற சரிகை நேரியலைப் பையிலிருந்து எடுத்தார். மனைவி பார்த்த பார்வையை அவர் பார்க்கவில்லை. "விவசாயிகள் சார்பா தங்கச்சாமி அண்ணன் போத்தணும்!"

தங்கச்சாமி நேரியலை வாங்கி, உதறி, முத்துகிருஷ்ணனின் தோளில் போட்டார். ஓரத்தை இழுத்துச் சரி செய்கிற சாக்கில் கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"அடுத்த தடவை கேக்கும்போது எல்லையைச் சரியாச் சொல்லும். இடைசெவலையும் சேத்துக்கிடும்."

"ஏற்புரை! ஏற்புரை!" என்றது கூட்டம். மைக்கைக் கண்டால் விடாத மனிதர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. பரவசத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று சுடலைராஜ் எல்லாருக்கும் விளக்கினார். செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாம்," என்றார் முத்துகிருஷ்ணன் கடைசியில், "ஒங்க எல்லாரோட ஒத்துழைப்பு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.