கூடத்துப் பிரிண்டர்

பிடுங்கியிருப்பார், வேறென்ன, அந்த மகராசன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருப்பார்... இல்லையென்றால் வீட்டுக் கூடத்து மூலையில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும் பிரிண்டர் எப்படி ஆஃப்லைன் ஆகும், நேற்றுச் சாயங்காலம்கூட ஒழுங்காக இருந்ததே. வெளியூர் விடுதி அறைக் கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பிரிண்ட் என்பதை மறுபடியும் அமுக்கினாள், மூன்றாவது தடவை. பக்கம் போய் வரிசையில் நின்றுகொண்டது, காத்திருக்கிறது என்றது திரை. காத்திரு, நன்றாகக் காத்திரு. மகள் குட்டிக்கு இன்று நுழைவுத் தேர்வு, ஹால் டிக்கெட் இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு வருஷப் படிப்பும் போச்சு, இது பெற்ற அப்பனுக்கு உறைக்க வேண்டாமா? கரண்ட்டை மிச்சம் பிடித்து மாளிகை கட்டப் போகிறாராம். நேற்றிரவே அனுப்பியிருக்கலாம்தான், ஆனால் பேர், பிறந்த தேதி, மையத்து விலாசம் எல்லாவற்றையும் இன்னொரு தரம் சரிபார்க்காமல் அனுப்ப அவளுக்கு எந்தக் காலத்தில் மனசு வந்திருக்கிறது. வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

தணிக்கைக்காரி அவள், ஊர் ஊராகப் போய்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடுவதுதான் பிழைப்பு, சொந்த வீட்டில் மட்டும் அவள் பேச்சு எடுபடாது. போனில் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறார்கள் என்றுதானே இந்த வழியைப் பிடித்தாள்... எந்த ஊரில் இருந்தாலும் எழுந்ததும் நாலு வரி தட்டி அனுப்புவாள், விடிந்தும் விடியாமலும் கூடத்தில் பிரிண்டர் தானாக விழித்துக் கறகறவென்று இழுத்துத் துப்பும். பாலை மூடி வை. மாடிக் கதவைப் பூட்டினீர்களா? குட்டி, வேதியியல் இரண்டாம் பாடம் இன்னொரு தடவை. காகிதத்தில் வந்ததைக் கேட்கவில்லை என்று சாதிக்க முடியாதல்லவா. "ஆபீஸ்ல சர்க்குலர் வர்ற மாதிரியே இருக்குடி" என்று முதல் நாள் அவர் சிரித்தார், என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது. அப்புறம் சிரிக்கவில்லை, அதைப் பற்றிப் பேசவே இல்லை... எப்போதிருந்து?

ஒருவழியாக எடுத்தது குட்டி.

"அப்பா எங்கடி? அந்த பிளக்க மாட்டச் சொல்லு, மொதல்ல!"

"வண்டி எடுக்கப் போயிருக்காரும்மா. நாங்க கெளம்பிட்டோம்."

"ஹால் டிக்கெட் இல்லாம எங்கடி கெளம்புறீங்க? ரெண்டு பேருக்கும் மூளை இருக்கா?"

"நேத்தே அப்பா போன்ல எறக்கி, கடையில பிரிண்ட் எடுத்துட்டோம். ரெண்டு காப்பி."

நேற்றே. கடையில். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். சுர்ரென்று தலைக்கு ஏறியது. "சொல்லணும்னு தோணலையா? உங்கப்பாவுக்கு வாயே கெடையாதா, பிளக்கப் பிடுங்க மட்டும் கை நீளுமா?"

குட்டி மெதுவாகச் சொன்னாள், "அப்பா இல்லம்மா. நான்தான் பிடுங்கினேன்."

"எதுக்கு?"

"அது கத்துனாலே எனக்குப் படிச்சதெல்லாம் மறந்து போகுது. இன்னிக்கு ஒரு நாள் வேணாமேன்னு..." ஹாரன் கேட்டது. "வெச்சிடறேன்ம்மா."

வைத்துவிட்டாள். நன்றாக எழுது என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள், இல்லை, சொல்ல வாயே வரவில்லையே, அதற்குமுன் இவ்வளவும் பேச மட்டும் வந்தது. கோபம் இறங்கவில்லை, யார்மேல் என்பதுதான் பிடிபடவில்லை. திரையில் வரிசை அப்படியே நின்றது, மூன்று ஹால் டிக்கெட், அவற்றுக்கு முன்னால் இன்று எழுந்ததும் அனுப்பிய ஒரு பக்கம். பேனா இரண்டு எடுத்துக்கொள், அப்பாவை மெதுவாக ஓட்டச் சொல், தெரியாத கேள்வியில் நேரத்தை விரயம் பண்ணாதே... சாயங்காலம் களைத்துப் போய் வந்து குட்டி பிளக்கை மாட்டினால் நாலும் கறகறவென்று ஒவ்வொன்றாக வெளியே விழும். வரிசையை அழிக்கப் போனாள், எல்லாவற்றையும் நீக்கவா என்று கேட்டது திரை. ஆமாம் என்பதன்மேல் விரலை வைத்தவள் நின்றாள். நன்றாக எழுது கண்ணு என்று ஒரு வரி காலையில் அனுப்பிய பக்கத்தில் இருந்ததா? அதைச் சேமிக்காமல் மூடியிருந்தாள், திறந்து பார்க்க வழியில்லை. கடைசி வரியாகப் போட்டிருப்பாள், போட்டிருப்பாள்தான்... எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை.