பக்கத்து சீட்டின் எடை

காலை ஆறு மணிக்கு எழுந்தான். மோட்டாரைப் போட்டான். தொட்டி நிறைய பதினெட்டு நிமிடம் ஆகும். அதற்குள் பல் தேய்த்து, சவரம் செய்து, படுக்கையை உதறிப் போட்டான். மோட்டாரை நிறுத்திவிட்டுக் குளித்தான். ரொட்டி இரண்டு துண்டு, டீ ஒரு கப், நின்றபடியே. தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். கேஸை மூடினான். கதவைப் பூட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தான். வாரத்தில் ஐந்து நாள் இதற்குப் பிறகு வரைபட அலுவலகம். இன்று விடுமுறை. மச்சானின் பட்டறைக்குப் போனான்.

மச்சான் அவன் மனைவியின் அண்ணன். பிக்கப் வண்டிகளைக் காட்டுப் பாதைக்குத் தோதாக மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். தார் ரோட்டில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைத் தூக்கி நிறுத்தி, பெரிய டயர் மாட்டி, வயிற்றுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டி, பாறையிலும் ஆற்றிலும் இறக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. “ரோடு போட்டவன் கேட்டா அழுதுடுவான்” என்பார் மச்சான்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன் வண்டியை எடை போட்டாக வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எடைத் தட்டுகள். தண்ணீர் கேன், கூடாரம், கயிறு, ஸ்டெப்னி எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும். ஓட்டுகிறவரும் வழக்கமாகக் கூட வருகிறவரும் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் வண்டி கல்லுக்குக் கல் துள்ளும். தளர்வாக இருந்தால் வயிறு தரையில் இடிக்கும். ஆளை உட்கார வைக்காமல் அவர் ஸ்பிரிங் வாங்கியதே இல்லை. ஒருவர் நாயைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். மச்சான் சிரிக்காமல் அதன் எடையையும் எழுதிக்கொண்டார். வர முடியாதவர்களுக்குப் பதிலாக மணல் மூட்டை.

அவனுடைய வண்டி பட்டறை மூலையில் பதினோரு மாதமாக நின்றது. அவனுடையது என்று சொல்வதும் சரியில்லை. அதைத் தேர்ந்தெடுத்தவள் அவன் மனைவி. ஓட்டுவது அவன், பாறை வந்தால் இறங்கி முன்னால் நடந்து, எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லில் ஏற்ற வேண்டும் என்று விரலை நீட்டிக் காட்டுவது அவள். ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரத்தில், வெளியே வந்ததும் ஆற்றுப் பாதையில் மேலே வரைக்கும் போக வேண்டும் என்று சொன்னாள். மச்சானுக்கு டாக்டர்களிடம் பேசத் தெரியாது. மாத்திரைப் பெயர் வாயில் நுழையாது. வண்டியைத் தயார் செய்வதைத் தன் பங்காக எடுத்துக்கொண்டார். தகடு, டயர், முன்பக்க இரும்பு பம்பர் எல்லாம் முடிந்தன. ஸ்பிரிங் மட்டும் பாக்கி. அதோடு நின்றுவிட்டது.

இந்த வாரம் அவரே போன் செய்தார். “வந்து உட்காரு மாப்ள. முடிச்சுடலாம்.”

“வாங்க தம்பி” என்றாள் வெல்டர் அக்கா. பட்டறையில் மச்சானை அதட்டக்கூடிய ஒரே ஆள். “உங்க வண்டி நின்ன நிலைக்கு இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பூனை குட்டி போட்டிருக்கும்.”

“போட்டிருந்தா எடையில சேத்துக்கலாம்” என்றார் மச்சான்.

வண்டியைத் தட்டுகளின் மேல் ஏற்றினார்கள். அவன் ஏறி உட்கார்ந்தான். சக்கரத்தை நேராக்கச் சாவியைத் திருப்பினான். மச்சான் கையில் வழக்கமான தாள் இருந்தது. ‘ஆட்கள்’ என்ற இடத்தில் இரண்டு என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. மை வெளுத்திருந்தது, பழைய தாள். அவனும் பார்த்தான்.

“மணல் எவ்வளவு போடட்டும்?” என்று அக்கா கேட்டாள்.

“ஐம்பத்திரெண்டு” என்றான்.

மச்சான் தாளைத் தாழ்த்தினார். “யாரு சொன்னா?”

“அவதான்.”

“என் தங்கச்சி காலேஜ் சேர்றப்பவே ஐம்பத்தாறு. நல்லா ஏமாந்திருக்க.”

“ஏழு வருஷமும் ஐம்பத்திரெண்டுன்னுதான் சொன்னா.”

“ஏறாம இறங்காம ஒரே எடையில இருக்க அவ என்ன படிக்கல்லா? கல்யாணத்தன்னிக்கு நான் தூக்கி வண்டியில ஏத்தினேன். எனக்குத் தெரியாதா? அறுபதுக்குக் குறையாது.”

“அறுபதெல்லாம் இல்ல மச்சான்.”

“பொம்பள எடைக்கு ரெண்டு ஆம்பளைங்க ஏலம் போடறீங்க” என்றாள் அக்கா. “என் வீட்டுக்காரருக்கு என் எடை இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரியவும் விடமாட்டேன். ஐம்பத்தெட்டு போடறேன். யாரும் வாயைத் தொறக்கக் கூடாது.”

அவனுக்கு இன்னொரு எண்ணும் தெரியும். முப்பத்தொன்பது. கடைசித் திங்கட்கிழமை நர்ஸ் எழுதியது. அதைச் சொல்லவில்லை.

அக்கா மணலை அள்ளி, நிறுத்து, வாயைக் கட்டி, மூச்சுப் பிடித்துத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தாள். வண்டி உடனே கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. சீட்டில் பாரம் இருக்கிறது, பெல்ட் போடவில்லை. அவன் குனிந்து பெல்ட்டை இழுத்து மூட்டைக்குக் குறுக்கே மாட்டினான். சத்தம் நின்றது. மூட்டை ஒருபக்கம் சரிந்தது. நேராக்கினான். பிறகும் கையை எடுக்கவில்லை.

மச்சான் அதைப் பார்த்துவிட்டார். பென்சில் தாளின் மேல் அப்படியே நின்றது. நான்கு தட்டுகளின் எண்களும் எதிரே திரையில் பச்சையாக ஒளிர்ந்தன. அவர் ஒன்றையும் எழுதவில்லை.

“அக்கா, டீ சொல்லிட்டு வாங்க.”

அக்கா இரண்டு முகங்களையும் பார்த்தாள். “சர்க்கரை தூக்கலாவே சொல்றேன்” என்றுவிட்டுப் போனாள்.

மச்சான் ஜன்னலுக்கு வந்து இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருக்கேன்.”

“கேளுங்க.”

“கடைசி நேரத்துல அண்ணன் எங்க, அண்ணன் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாமே. அம்மா வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்றாங்க. எல்லாரும் என் கையைப் பிடிச்சு, உன் மேல உசிரையே வெச்சிருந்தாங்கறாங்க. நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க.” நிறுத்தினார். “நான் இந்த வண்டிக்கு அடியில மல்லாந்து கிடந்தேன். தகட்டுக்கு நட்டு முடுக்கிக்கிட்டு. போன் டூல் பெட்டிக்குள்ள. ஒன்பது தடவை கூப்பிட்டிருக்க. எவ்வளவு நேரம் கேட்டா? அதை மட்டும் சொல்லிடு.”

அவன் முன்கண்ணாடியைப் பார்த்தான்.

அவள் யாரையும் கேட்கவில்லை. அத்தை அப்போது வார்டிலேயே இல்லை. மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். மகளைப் பறிகொடுத்த மூன்றாம் நாள், மகனுக்குக் கொடுக்க ஏதாவது வேண்டியிருந்தது. கொடுத்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நடந்ததாகிவிட்டது. அவனும் மறுக்கவில்லை. பாவம் என்று மட்டுமல்ல. அந்தக் கதை இருக்கும்வரை, அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று அவனை யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது வாயைத் திறந்தால் அத்தையின் கதையும் போகும், அவன் ஒளிந்திருந்த இடமும் போகும். திறக்காவிட்டால் இந்த மனிதர் ஆயுசுக்கும் அந்த வண்டிக்கு அடியிலேயே கிடப்பார்.

“கேக்கல மச்சான்.”

“என்ன?”

“உங்களை அவ கேக்கவே இல்ல. அத்தை அப்பக் கீழ இருந்தாங்க. நான் உங்களைக் கூப்பிட்டதெல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்தான். ஒன்பதும்.”

மச்சான் தலையை ஆட்டினார். “என்னைத் தேத்தறதுக்குச் சொல்ற. வேணாம்.”

“தேத்தறதுக்குன்னா இதைவிட நல்லாச் சொல்லியிருப்பேன்.” மூட்டையின் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினான். “நானும் பக்கத்துல இல்ல. எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனேன். பதினஞ்சு நிமிஷம். வந்து பாத்தா நாலு பேரு கட்டிலைச் சுத்தி நிக்கறாங்க. அத்தைக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது.”

அதை முதல்முறையாகச் சொன்னான். வெளியே யாரோ இரும்பை இழுத்துப் போட்டார்கள். மச்சான் கதவின் மேல் சாய்ந்தார். எதிரே அந்தப் பக்கத்து எண்கள் கொஞ்சம் ஏறி நின்றன. அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தான். அப்படி ஒன்றும் இல்லை. வெகுநேரம் சுமந்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

“டீக்குத்தானே போன” என்றார் கடைசியில். “ஓடியா போன?”

அவன் மூட்டையிலிருந்து கையை எடுத்தான்.

மச்சான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். கதவைத் திறந்து பெல்ட்டை விடுவித்து, மூட்டையை இரண்டு கைகளாலும் தூக்கி, சுவரோரம் நிமிர்த்தி வைத்தார். பிறகு தானே ஏறி உட்கார்ந்தார். வண்டி கத்தியது. பெல்ட் போட்டுக்கொண்டார்.

“எண்பத்தொன்பது. நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“மச்சான்.”

“இரண்டுன்னுதானே எழுதியிருக்கு. அப்படியே இருக்கட்டும். ஸ்பிரிங் வந்ததும் ஆத்துப் பாதைக்குப் போலாம். எனக்கு முன்னால நடந்து கை காட்டத் தெரியாது. கத்துவேன். பொறுத்துக்க.”

“சரி.”

இருவரும் பட்டறைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் கேட்டார், அவன் பக்கம் திரும்பாமலேயே.

“நீ டீக்குக் கிளம்பினப்ப முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாளா?”

“ம்.”

“என்ன சொன்னா?”

அதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படி அதில் ஒன்றும் இல்லை என்றே நினைத்திருந்தான். கூட்டாமல் குறைக்காமல், அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

“போறப்ப பக்கத்துக் கட்டில் அம்மாவோட போனைச் சார்ஜுல போட்டுட்டுப் போங்க. பாவம், காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க.”