ஆறு கிலோமீட்டர்

மதியம் இரண்டரைக்கு அந்த நர்ஸ் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையில் நான் தயாரித்த பட்டியல். அறுபது நர்ஸுகளை அறுபது கிளினிக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் கணக்கு அது. எல்லோருடைய பயண தூரத்தையும் கூட்டினால் வரும் மொத்தம், எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைய வேண்டும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். குறைத்திருந்தேன். அதற்குக் கீழே ஒரு கிலோமீட்டர்கூடப் போக முடியாது என்று என்னால் நிரூபிக்கவே முடியும்.

“எனக்கு மட்டும் ஏம்மா முப்பத்தெட்டு கிலோமீட்டர்?”

“மொத்தமாப் பாத்தா இதுதாங்க கம்மி.”

அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “மொத்தம்ங்கறது யாரு? அவங்க எந்த பஸ்ல வர்றாங்க?”

கிண்டலாகக் கேட்கவில்லை. இரண்டு பஸ் மாற வேண்டும், முழங்கால் ஒத்துழைக்காது என்று சொல்லிவிட்டு, “முடிஞ்சா பாருங்க” என்று கிளம்பிவிட்டார்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் தூரத்தை அப்படியே கூட்டினால், ஒருவர் முப்பத்தெட்டு போவதும் பத்தொன்பது பேர் இரண்டிரண்டு போவதும் ஒன்றுதான். முழங்காலுக்கு அது ஒன்றில்லை. ஒவ்வொரு தூரத்தையும் அதைக்கொண்டே பெருக்கிவிட்டுக் கூட்டும்படி மாற்றினேன். அப்போது இரண்டு நான்காகும். முப்பத்தெட்டோ ஆயிரத்து நானூறைத் தாண்டிவிடும். நீண்ட பயணம் வராமல் கணக்கே பார்த்துக்கொள்ளும்.

புதுப் பட்டியலில் மொத்தம் ஆறு கிலோமீட்டர் கூடியிருந்தது. அந்த நர்ஸுக்குப் பன்னிரண்டு. அதற்காக வழியிலிருந்த மூன்று பேர் ஆளுக்கொரு கிளினிக் தள்ளிப் போக வேண்டும். இரண்டு கிலோமீட்டர் போகவிருந்தவர்களுக்கு இனி பன்னிரண்டு, பதிமூன்று. மூன்றாவது பெயர் என் தங்கையுடையது. குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நடந்தே வேலைக்குப் போய்விடலாம் என்று போன வாரம்தான் சந்தோஷப்பட்டிருந்தாள்.

அவளிடம் முதலில் சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தேன். அனுமதி கேட்பது போலாகிவிடும் என்று வைத்துவிட்டேன். மேலதிகாரி இரண்டு பட்டியலையும் பார்த்தார். “ஆறுதானே, இருக்கட்டும்” என்று கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனபோது செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

“பேரைப் பாத்துட்டுதான் அனுப்புனியாக்கா?”

“பாத்துட்டுதான்.”

“அந்தம்மாவுக்கு முன்னாடி எவ்வளவு?”

“முப்பத்தெட்டு.”

குழந்தையை என் மடியில் உட்காரவைத்துவிட்டு, போனில் பஸ் நேரம் தேட ஆரம்பித்தாள். குழந்தை என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. “ஏழே காலுக்கு ஒண்ணு இருக்கு” என்றாள் தங்கை. எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. திரையை மேலே தள்ளி, அதற்கு அடுத்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.