இருவருக்கும் தெரியும் பக்கம்

…இல்லை, இது குழுக் கூட்டத்தின் குறிப்பு இல்லையே, நேற்று மகளிர் குழுவில் பேசியதைத்தானே அமுதா பஸ்ஸில் உட்கார்ந்து சரிபார்க்கத் திறந்தாள், அதற்குக் கீழே பெயர் வைக்காத புதுப் பக்கம் ஒன்று எங்கிருந்து வந்தது, அதில் எழுத்துகள் தாமாக வந்து விழுகின்றன, போன் கெட்டுப்போய்விட்டதா… மூலையில் சின்ன வட்டம், வட்டத்துக்குள் 'ச'. சகாய பிரியா. பெரம்பலூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள். அவள்தான் இதையெல்லாம் போனில் போட்டுக் கொடுத்தவள், "இதுக்குள்ள எத எழுதினாலும் ரெண்டு பேர் போன்லயும் தெரியும்மா, நீ எழுதி வையி, நான் இங்கேருந்தே தப்பத் திருத்திடறேன்" என்று. அந்தப் புண்ணியத்தில்தான் நோட்டும் பேனாவுமாக அலைந்த அமுதா இப்போது போகிற வழியிலேயே வேலையை முடிக்கிறாள். சரி, இப்போது என்ன எழுதுகிறாள்? 'அம்மா, எனக்கு மடத்துக்குப் போக இஷ்டமில்ல.'

சிமெண்டு லாரி ஒன்று உரசுவதுபோல் கடந்தது, தூசி முகத்தில் அடித்தது, துடைக்கக்கூட கை எழவில்லை. இஷ்டமில்லையா? வருகிற திங்கட்கிழமை மகள் கன்னியாஸ்திரி மடத்தில் சேர வேண்டும், அதற்காகத்தானே அவளை அழைத்துவர இவள் போய்க்கொண்டிருக்கிறாள், மடியில் இருக்கும் பையில் புதுப் போர்வை, எவர்சில்வர் தட்டு, வெள்ளைச் சுடிதார் மூன்று… எழுத்துகள் பின்னோக்கி அழிந்தன. 'அம்மா, எனக்கு' என்பது மட்டும் நின்றது. அப்பாடா, விளையாட்டுக்கு எழுதியிருப்பாளோ என்று நினைப்பதற்குள் மறுபடியும் வந்தது, 'எனக்கு பயமா இருக்கு. சொன்னா நீ செத்துப்போயிடுவன்னு பயமா இருக்கு.' எப்போது சொன்னாள் அமுதா அப்படி? சொன்னாள், சொன்னாள்… மகள் பதினோராம் வகுப்பில் ஏதோ வேறு படிப்பு என்று வாயெடுத்தபோது, "மாதாகிட்ட குடுத்த வாக்க மீறினா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று அடுப்படியில் நின்று சொன்னாள், சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறினாள், அவ்வளவுதான், அதை அந்தப் பிள்ளை இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டா இருந்தது?

"என்னங்க, ஒடம்புக்கு முடியலையா? மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கே" என்றாள் பக்கத்து இருக்கையில் வெங்காயப் பை வைத்திருந்த பெண். "ஒண்ணுமில்லங்க" என்றாள் அமுதா, தன் குரலே யாருடையதோபோல் இருந்தது.

பிறந்தபோது குழந்தை அழவில்லை. நீலமாகக் கிடந்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டத் தட்ட, இவள் படுத்த வாக்கில் ஏலாக்குறிச்சி மாதாவிடம் கதறினாள், பொழைக்க வச்சுடு தாயே, உனக்கே குடுத்துடறேன்… குழந்தை அழுதது. கொடுத்தது யார், பயந்தது யார்? பயந்ததும் இவள், வாக்குக் கொடுத்ததும் இவள். போக வேண்டியவள் மட்டும் அந்தப் பிள்ளையா? புருஷன் அமிர்தசாமி ஒரே ஒரு தடவை கேட்டார், "அவள ஒரு வார்த்த கேட்டியா?" என்று. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று இவள் எழுந்து போய்விட்டாள். மகள் மறந்துபோய் இந்தப் பக்கத்தில் எழுதுகிறாளா, இல்லை, நான் பார்ப்பேன் என்று தெரிந்தேதானா? பேரளி நிறுத்தம் வந்திருந்தது, கண்டக்டர் "எறங்கறவங்க முன்னாடி வாங்க" என்று கத்தினார், பின்னால் யாரோ பையை இடித்துக்கொண்டு போனார்கள், அந்த இடியில் அமுதாவின் பெருவிரல் திரையில் பட்டு 'க' என்று ஓர் எழுத்து விழுந்தது.

அந்தப் பக்கம் எழுத்து சட்டென்று நின்றது. தெரிந்துவிட்டது அவளுக்கு, அம்மா உள்ளே இருக்கிறாள் என்று. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. இவள் போனை மூடினால் அந்தப் பிள்ளை இனி வாயே திறக்காது, அது உறுதி. ஏதாவது எழுத வேண்டும், என்ன எழுதுவது, அந்த 'க'வை அழித்துவிட்டு, எழுத்துகளைத் தேடித்தேடி, 'எழுதும்மா, நான் படிக்கிறேன்' என்று தட்டினாள். தட்டிய பிறகுதான் அதைப் பார்த்தாள்… இதுவும் கட்டளைதானே. சாப்பிடு, படி, ஜெபம் பண்ணு, போனை வை, எழுது… இருபது வருஷத்தில் இந்தப் பெண்ணிடம் கேள்வியாக ஒன்றையாவது கேட்டிருக்கிறாளா?